பள்ளத்தூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: 14,200 கிலோமீட்டர் சரி, நேரம் எவ்வளவு?

பள்ளத்தூர் முகப்பு

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமாண்டில் வீடு. தலைப்பிரசவம். அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரப் போகிறார்கள். அப்பச்சிக்கு 74, ஆத்தாவுக்கு 69. இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம்.

தூரம் கணக்கிடும் இணையப் பக்கத்தில் திருச்சி – சான் பிரான்சிஸ்கோ என்று போட்டுப் பார்த்தேன். 14,200 கிலோமீட்டர், 16 மணி 42 நிமிடம் என்று வந்தது. டிக்கெட் விசாரித்த இடத்தில் 23 மணி என்கிறார்கள், இன்னொருவர் 28 என்கிறார். அப்பச்சி நாற்பது வருடம் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். "பதினாறே முக்கால் மணி எப்படி இருபத்தெட்டு ஆச்சு? நடுவில் பன்னிரண்டு மணி நேரம் எங்கே போச்சு?" என்று கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் கேட்டார். ஒருவர் சிங்கப்பூர் வழியாகப் போகச் சொல்கிறார், இன்னொருவர் துபாய் வழி. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. "அமெரிக்கா எந்தத் திசையிலதான் இருக்கு?" என்கிறார் ஆத்தா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு என்பதால் நேரக் கணக்கு எனக்கு உண்மையிலேயே முக்கியம்.

கோட்டையூரான்

டிக்கெட் போடும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். இந்தக் குழப்பம் வாராவாரம் வரும்.

அந்தப் பக்கம் சொல்லும் 14,200 தப்பில்லை. ஆனால் அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. திருச்சிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் வருமோ அதுதான் 14,200. நேரத்துக்கு அந்தப் பக்கம் செய்வதெல்லாம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து அதை 850-ஆல் வகுப்பது மட்டுமே. 14,200-ஐ 850-ஆல் வகுத்துப் பாருங்கள், 16 மணி 42 நிமிடம் வரும். காற்று, ஏறும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் மாறும் நேரம் எதுவும் அதில் இல்லை.

நிஜமாகப் போகும் வழியின் தூரத்தைப் பாருங்கள். திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980. சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,580. கூட்டினால் 16,560. துபாய் வழியென்றால் திருச்சி – துபாய் சுமார் 2,940, துபாய் – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,020. மொத்தம் 15,960. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வித்தியாசம் 600 கிலோமீட்டர்தான், அதாவது முக்கால் மணி நேரப் பறப்பு. அதனால் தூரத்தை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள். நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, எந்த நேரத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, அதைப் பாருங்கள்.

தேவகோட்டை வாத்தியார்

ஆத்தாவின் கேள்விதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது?

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். பூத்தொடுக்கும் நூல் ஒன்றும் எடுங்கள். ஒரு முனையைத் திருச்சியிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே ஏறும். கொஞ்சம் கிழக்காகச் சாய்ந்து இமயமலை, சீனா, சைபீரியா என்று போய், ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் கிட்டத்தட்ட 69 பாகை வட அட்சரேகை வரை ஏறி, அலாஸ்கா பக்கமாகக் கீழே இறங்கும். நம் ஊர் இருப்பது 10 பாகையில். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்பவே முடியாது. அந்தப் படம் வடக்கே போகப் போக நாடுகளை இழுத்து அகலமாக்கிக் காட்டுகிறது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் எங்காவது இழுபடத்தான் செய்யும்.

கணக்கும் எளிது. பூமியின் மையத்திலிருந்து இரண்டு ஊருக்கும் கோடு போட்டால் நடுவில் உள்ள கோணம் 127.7 பாகை. ஒரு பாகைக்குத் தரையில் 111 கிலோமீட்டர் சொச்சம். பெருக்கினால் 14,200. அப்பச்சி கணக்குப் பிள்ளை என்கிறீர்கள், பென்சில் கொடுத்தால் அவரே போட்டுவிடுவார். பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம் 20,000 கிலோமீட்டர் சொச்சம்தான், அதாவது சுற்றளவில் பாதி. அந்தக் கணக்கில் உங்கள் தங்கச்சி உலகத்தின் மறுபக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார். அதனால்தான் கிழக்கு வழி, மேற்கு வழி இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரமாக வருகின்றன.

துபாய்க்கு நூல் பிடித்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை. அதனால் நூல் நேராக வடதுருவத்தை ஒட்டியே போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போதெல்லாம் வகுப்பே எழுந்து மேசையைச் சுற்றி நிற்கும்.

குன்றக்குடி மயில்

ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியென்றால் மேற்கே பறந்தால் சேர வேண்டிய ஊர் நம்மை நோக்கி வரும்தானே? துபாய் வழி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். கிழக்கே போனால் ஊர் விலகிக்கொண்டே போகும். இது சரியா?

செக்காலை ரோடு

வளைகுடாவில் விமானப் பராமரிப்பில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். மயில், நீங்கள் கேட்டதை எங்களிடம் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் கேட்பார்கள். சரியான விடை: இல்லை.

பூமி சுழலும்போது அதன் மேல் உள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். ஓடும் ரயில் பெட்டிக்குள் என்ஜின் பக்கம் நடந்தாலும் கார்டு பக்கம் நடந்தாலும் ஒரே நேரம்தான் ஆகிறது, அது போல.

ஆனால் கிழக்கே போவதற்கும் மேற்கே வருவதற்கும் நேர வித்தியாசம் உண்டு. காரணம் வேறு. பெரிய விமானங்கள் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் மேல் 300-ஐயும் தாண்டும். கிழக்கே போகும் விமானம் அந்த ஆற்றில் இறங்கிப் போகும். மேற்கே வரும் விமானம் அதை விட்டு விலகிச் சுற்றி வரப் பார்க்கும், முடியாவிட்டால் எதிர்த்து வரும்.

சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். போக 15 மணி சொச்சம், திரும்ப 17 மணி. அதே 13,580 கிலோமீட்டர். போகும்போது சராசரி மணிக்கு 890, வரும்போது 800. விமானம் இரண்டு முறையும் காற்றுக்குள் ஒரே வேகத்தில்தான் பறந்திருக்கும்.

850-ஆல் வகுக்கும் பழக்கம் குறுகிய தூரத்துக்கும் ஒத்துவராது. திருச்சி – சிங்கப்பூர் 2,980 கிலோமீட்டரை 850-ஆல் வகுத்தால் மூன்றரை மணி. டிக்கெட்டில் 4 மணி 10 நிமிடம் போட்டிருக்கும். கதவை மூடி வண்டி நகர ஆரம்பித்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை அந்தக் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறும் முதல் அரை மணி, இறங்கும் கடைசி அரை மணி எல்லாம் மெதுவான நேரம். தூரம் குறையக் குறைய இந்த மெதுவான நேரத்தின் பங்கு கூடும்.

வான்வழியும் ஒரு காரணம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க நிறுவன விமானங்கள் ரஷ்யாவின் மேல் பறக்க முடியவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. வாத்தியார் பிடித்த நூல் எவ்வளவு நேராக இருந்தாலும், எந்த நாட்டுக்கு மேல் எந்தக் கம்பெனி பறக்கலாம் என்பதைப் பொறுத்து விமானம் வளைந்துதான் போக வேண்டியிருக்கிறது.

ரங்கூன் வீடு

படித்துக்கொண்டே இருக்கும்போது ஐயாவின் (தாத்தாவின்) ஞாபகம் வந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஐயா முதலில் பர்மாவிலும் அப்புறம் மலாயாவிலும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். 1942-இல் ரங்கூனை விட்டு நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். சண்டை முடிந்தபின் பினாங்குக்குப் போனார். கப்பல் பெயர் ரஜூலா. 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதன் வழி. எங்கள் ஐயா எப்போதும் நாகப்பட்டினத்தில்தான் ஏறுவார். சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போவார்களாம்.

ஆனால் ஐயா ஒரு நாளும் "ஒரு வாரப் பயணம்" என்று சொன்னதில்லை. "பதினோரு நாள்" என்பார். நல்ல நாள் பார்த்து வீட்டை விட்டு வெளியே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்குவது, நாகப்பட்டினம் போவது, அங்கே கப்பலுக்குக் காத்திருப்பது, இறங்கியபின் கிட்டங்கிக்கு (நம்மவர்கள் தொழில் செய்து தங்கும் இடம்) போய்ப் பாயை விரிப்பது, எல்லாம் சேர்ந்து அவர் கணக்கு. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன் என்று அவர் எழுதிய கடுதாசி வரும் வரை அப்பத்தாவுக்கு அந்தப் பயணம் முடியாது. அவள் கணக்கில் அது ஒரு மாதம்.

உங்கள் அப்பச்சி கேட்ட பன்னிரண்டு மணி நேரம் எங்கே போச்சு என்பதற்கு எங்கள் ஐயாவின் கணக்கில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டுப் படியிலிருந்து மகள் வீட்டுப் படி வரை எண்ணுங்கள்.

பள்ளத்தூர் முகப்பு

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரங்கூன் வீடு எழுதியதை அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய அப்பாவும் ரஜூலாவில் போனவர். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

நூல் சோதனையும் செய்தாயிற்று. உலக உருண்டை இல்லை, பக்கத்து வளவில் ஒரு பையனிடம் வாங்கினோம். ஆத்தா நூலைப் பிடித்துக்கொண்டு, "இமயமலைக்கு மேலேயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு கேள்வி. திருச்சியிலேயே இவ்வளவு பெரிய புது முனையம் கட்டியிருக்கிறார்களே, அங்கிருந்து நேராக ஏன் ஒரு விமானமும் இல்லை? பெங்களூருவிலிருந்து நேர் விமானம் உண்டு என்கிறார்கள், அது பெரியவர்களுக்கு நல்லதில்லையா? ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்.

செக்காலை ரோடு

முனையம் பெரிதாவது வேறு, ஓடுபாதை நீளமாவது வேறு. 2024-இல் திறந்த புது முனையம் அழகாகவே இருக்கிறது. ஆனால் திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். சென்னையில் பெரியது 3,650 மீட்டருக்கு மேல், பெங்களூருவில் 4,000 மீட்டர். 14,000 கிலோமீட்டர் போகும் விமானம் நூறு டன்னுக்கு மேல் எரிபொருளைச் சுமந்து எழும்ப வேண்டும். நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கு குறையும், ஓடுபாதை இன்னும் நீளமாக வேண்டும். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் போகும் சின்ன விமானத்துக்கு அந்த நீளம் தாராளம். அமெரிக்காவுக்கு நிரப்பிக்கொண்டு எழும்ப அது காணாது. ஓடுபாதை நீண்டாலும் தினமும் முந்நூறு பேர் ஒரே ஊருக்குப் போக வேண்டும், அப்போதுதான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்.

பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,990 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அதைத் தொடங்கியபோது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த முதல் விமானத்தை கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி, வடதுருவத்துக்கு மேலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏறக்குறைய 17 மணி நேரம். எங்கள் பணிமனையில் பலகையில் படம் ஒட்டி வைத்திருந்தோம். ஆனால் இந்த மாதிரி நீண்ட நேர் விமானங்கள் பருவத்துக்குப் பருவம் குறையும், நிற்கும், மறுபடி வரும். நீங்கள் போகும் மாதத்தில் ஓடுகிறதா என்று பார்த்தபின்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

கோட்டையூரான்

ஓடினாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 430 கிலோமீட்டருக்கு மேல். அந்த நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில், நாம் தெற்கிலிருந்து போகிறோம், ஊர் முழுவதையும் தாண்ட வேண்டும். காரில் எட்டு மணி நேரம் என்று வையுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு எட்டு மணி கார், மூன்று மணி காத்திருப்பு, உடனே பதினேழு மணி ஒரே இருக்கை. முதல் நாளே போய்த் தங்கினால் சரி.

ஆவுடையார்கோவில்

மதுரையை ஏன் யாரும் சொல்லவில்லை? காரைக்குடியிலிருந்து மதுரை 90, திருச்சி 90, இரண்டும் ஒன்றுதானே.

கோட்டையூரான்

தூரம் ஒன்றுதான். ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது, ஊருக்குள் நுழையவே வேண்டாம். மதுரைக்கு மேலூர் வழியாகப் போய்ச் சுற்றுச்சாலை பிடித்துத் தெற்கே போக வேண்டும். அதைவிட, வெளிநாட்டு விமானங்கள் திருச்சியில் அதிகம். ஒன்று ரத்தானால் அடுத்தது கிடைக்கும். பல்லவன் ரயிலில் சென்னை போய் ஏறுவது பழைய வழக்கம். பெட்டி நான்கோடு பெரியவர்களை அனுப்ப நான் சொல்ல மாட்டேன்.

சிராங்கூன்வாசி

சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் கண்டனூர். போன வருடம் எங்கள் ஆத்தாவையும் அப்பச்சியையும் இதே வழியில் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். அப்போது குறித்து வைத்த நேரத்தை அப்படியே தருகிறேன். எல்லாம் நம் ஊர் நேரப்படி.

மாலை 6:30-க்கு வீட்டில் கிளம்பினார்கள். 8:15-க்குத் திருச்சி விமான நிலையம். இரவு 11:15-க்கு விமானம். விடிகாலை 3:25-க்குச் சிங்கப்பூர், அங்கே அப்போது 5:55. மூன்று மணி இருபது நிமிடம் காத்திருப்பு. சிங்கப்பூர் நேரம் காலை 9:15-க்கு அடுத்த விமானம், நம் நேரம் 6:45. 15 மணி 15 நிமிடம் பறந்து இரவு 10 மணிக்கு இறங்கினார்கள். அங்கே அப்போது அதே நாள் காலை 9:30.

கவனியுங்கள், சிங்கப்பூரில் 9:15-க்கு ஏறி, அதே தேதியில் 9:30-க்கு இறங்கியிருக்கிறார்கள். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் கால் மணி நேரப் பயணம்! நடுப் பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது. திரும்பி வரும்போது அந்த நாளைக் கொடுத்துவிட வேண்டும். 10-ஆம் தேதி இரவு ஏறினால் 12-ஆம் தேதி காலையில்தான் சிங்கப்பூரில் இறங்குவார்கள். 11-ஆம் தேதி ஆகாயத்திலேயே போய்விடும். எங்கள் ஆத்தா சஷ்டி விரதம் இருப்பவர்கள், அந்த முறை சஷ்டி சரியாக அந்த நாளில் வந்தது. முதலிலேயே பார்த்திருந்தால் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பேன்.

இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி. தம்பி வீடு ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து வீடு வரை 30 மணி. அதில் விமானத்துக்குள் இருந்தது 19 மணி 25 நிமிடம் மட்டுமே. அப்பச்சி தேடும் மணி நேரங்கள் மீதியில் இருக்கின்றன.

சாங்கியில் ஒரு விஷயம். பாதுகாப்புச் சோதனை அங்கே வாயிலுக்குப் பக்கத்தில்தான் நடக்கும். கடைசி நிமிடம் தண்ணீர் பாட்டில் வாங்கினால் கீழே ஊற்றச் சொல்வார்கள். சோதனை முடிந்தபின் உள்ளே குடிக்கக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதியச் சொல்லுங்கள். நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாங்கியில் முனையம் விட்டு முனையம் மாறும் தூரம் அதிகம், கூட்டிப் போகிறவருக்கு வழியும் தெரியும், மொழிச் சிக்கலும் குறையும். எங்கள் ஆத்தாவைத் தள்ளிக்கொண்டு போன அம்மா தமிழ்க்காரர். இருவரும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

சிறுகூடல்பட்டி

ஒரு எச்சரிக்கை. விலை குறைகிறது என்று இரண்டு டிக்கெட்டாகப் பிரித்துப் போடாதீர்கள். என் மாமா மாமிக்கு நான் அப்படிப் போட்டேன். திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி, அங்கிருந்து அமெரிக்காவுக்கு வேறு கம்பெனி. முதல் விமானம் இரண்டரை மணி தாமதம். அடுத்தது போய்விட்டது. ஒரே டிக்கெட் இல்லாததால் முதல் கம்பெனி எங்கள் பொறுப்பில்லை என்றது, இரண்டாவது கம்பெனி நீங்கள் வரவில்லை என்று எழுதிக்கொண்டது. பெட்டியும் அங்கேயே எடுத்து மறுபடி போட வேண்டியதால், அந்த நாட்டுக்குள் நுழைய விசா கேட்டார்கள். இரண்டு பேரும் இருபது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாமி போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நான் செய்த காரியம்.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருக்க வேண்டும். பெட்டி திருச்சியில் போட்டால் சான் பிரான்சிஸ்கோவில்தான் கையில் வர வேண்டும். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோட்டையூரான்

சிறுகூடல்பட்டி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நடுவில் ஒன்றரை மணி நேரம் உள்ள டிக்கெட்டும் விற்பார்கள், பயண நேரம் குறைவாகத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு மூன்று மணிக்குக் குறையாமல் எடுங்கள். ஐந்தாறு மணிக்கு மேலும் வேண்டாம். முதலில் கேட்ட 23, 28 வித்தியாசம் முழுக்க இதில்தான்.

ஆச்சி, அரியக்குடி

நான் மூன்று முறை பேரன்களைப் பார்க்கப் போய் வந்தவள். நீங்களெல்லாம் கிலோமீட்டரும் காற்றும் சொன்னீர்கள். நான் உடம்பைச் சொல்கிறேன் தம்பி.

ஆத்தாவுக்கு ஓர இருக்கை எடுங்கள். ஜன்னல் வேண்டாம், எழுந்து போக ஆளைத் தாண்ட வேண்டும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். நான் முதல் முறை அப்படித்தான் இருந்தேன், இறங்கும்போது கால் இரண்டும் வீங்கி செருப்பு நுழையவில்லை. பதினைந்து மணி நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து பின்பக்கம் வரை நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்ட வேண்டும்.

சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்பதுதான் பெரிய குழப்பம். கோடையில் நமக்கும் அங்குக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. கிளம்பும் முன் டாக்டரிடம் பயண நேரத்தை எழுதிக் காட்டி, எத்தனை மணிக்கு எது என்று ஒரு காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும்.

சைவச் சாப்பாடு முன்னாலேயே சொன்னால்தான் தருவார்கள். அதோடு தேன்குழல், மாவுருண்டை ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். விமானத்தில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் நமக்குப் பசிக்கும். அமெரிக்காவில் இறங்கும்போது சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். பலகாரத்துக்கு ஒன்றும் சொல்வதில்லை. பழம், இறைச்சி வகை, செடி, விதை கொண்டு போகாதீர்கள்.

போய்ச் சேர்ந்து நாலைந்து நாள் ராத்திரி தூக்கம் வராது. பகலும் இரவும் அப்படியே தலைகீழ். வலுக்கட்டாயமாகப் பகலில் வெளியே வெயிலில் நடக்கச் சொல்லுங்கள். பிரசவத் தேதிக்கு முதல் நாள் போய் இறங்கினால் மகளுக்கு உதவியாக இருக்காது, இன்னொரு சுமையாகத்தான் இருக்கும். பதினைந்து நாள் முன்னால் அனுப்புங்கள்.

பள்ளத்தூர் முகப்பு

ஆச்சி, உங்கள் பதிவை அச்செடுத்து ஆத்தாவிடம் கொடுத்துவிட்டேன். தேதியைப் பதினெட்டு நாள் முன்னால் தள்ளினோம்.

முடிவு: திருச்சி – சிங்கப்பூர் – சான் பிரான்சிஸ்கோ, ஒரே டிக்கெட், நடுவில் நாலு மணி. இரண்டும் ஓர இருக்கை, நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. சக்கர நாற்காலி பதிந்தாயிற்று. துபாய் வழி 600 கிலோமீட்டர் குறைவுதான். ஆனால் சிங்கப்பூர் வழியில் முதல் நாலு மணி இரவில் கழிந்து, விடியும்போது இறங்கி கால் நீட்டி நடக்க முடிகிறது. அப்பச்சிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவருடைய அப்பா மார்க்கெட் தெரு கிட்டங்கியில் இருந்தவர். விமான நிலையத்தைத் தாண்டி வெளியே போகப் போவதில்லை, ஆனாலும் அந்த ஊர் மண்ணில் நாலு மணி நேரம் இருந்தால் போதும் என்கிறார்.

சிராங்கூன்வாசி

அப்பச்சியிடம் சொல்லுங்கள். தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு அன்று நான் போய் அவர்கள் பேரில் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

பள்ளத்தூர் முகப்பு

போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! அப்பச்சி சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே போயிருக்கிறார். தங்கச்சி படம் எடுத்து அனுப்பினாள். கையெழுத்து பேரேட்டில் எழுதுவது போலவே இருக்கிறது. அதிலிருந்து எடுத்துப் போடுகிறேன், அவர் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை, எல்லாம் நம் நேரம்.

படி இறங்கியது 6:10. விமானம் நகர்ந்தது 11:25. சிங்கப்பூர் 3:30. அங்கே கிளம்பியது 7:50. "ஜப்பானுக்குக் கீழே, 1,040 கி.மீ. வேகம், பின்காற்று" என்று ஒரு வரி. இருக்கைக்கு முன்னால் இருந்த திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார். இறங்கியது 10:50. வரிசையில் 1 மணி 40 நிமிடம். மகள் வீட்டு வாசல் 1:35.

கடைசியில் கூட்டல் போட்டிருக்கிறார். மொத்தம் 31 மணி 25 நிமிடம். ஆகாயத்தில் 19 மணி 5 நிமிடம். தரையில் 12 மணி 20 நிமிடம். அதற்குக் கீழே, "பன்னிரண்டு மணி இங்கே இருக்கிறது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

தேவகோட்டை வாத்தியார்

அந்த நோட்டின் படம் கிடைத்தால் வகுப்பில் காட்ட அனுமதி கேட்டுச் சொல்லுங்கள். ஆத்தாவுக்குக் கால் எப்படி இருக்கிறது?

பள்ளத்தூர் முகப்பு

அனுமதி கொடுத்துவிட்டார், படம் அனுப்புகிறேன். ஆத்தாவுக்குக் கால் வீங்கவில்லை. ஏழு முறை எழுந்து நடந்தார்களாம், அதையும் அப்பச்சி குறித்திருக்கிறார்.

திரும்பும் தேதிக்கு சஷ்டி வருகிறதா என்று இப்போதே பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.